இறக்கைத் தறி

“பறக்கிற சாமானை லாரியில ஏத்திக்கினு வந்தா, அதுல ஏதோ வில்லங்கம் இருக்குதுன்னுதானேம்மா அர்த்தம்? யோக்கியமான ஏரோப்ளேனா இருந்தா அது பாட்டுக்குப் பறந்தே வந்திருக்குமே!”

சோதனைச் சாவடி அதிகாரி பரசுராமன் இதை நாலாவது தடவையாகச் சொன்னார். முதல் தடவை சொன்னபோது குரலில் சந்தேகம் இருந்தது. இப்போது சந்தேகம் போய், இயற்கை விதி ஒன்றைத் தாமே கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவிக்கிற கம்பீரம் வந்திருந்தது.

“இது இன்னும் ஏரோப்ளேன் ஆகலை சார்,” என்றாள் கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டு. “தனித்தனிப் பாகமா இருக்குது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒண்ணாச் சேர்த்துப் பூட்டணும். பூட்டினப்புறம்தான் பறக்கும்.”

“அப்போ இது ஏரோப்ளேன் இல்லைன்னு ஒத்துக்கிறீங்க.”

“ஏரோப்ளேன்தான் சார்!”

“ஏரோப்ளேன்னா பறந்து வந்திருக்கணுமே.”

கமலவேணி தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சபாபதி லாரியின் பின்சக்கரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். பெண்டாட்டி வாய் திறக்கிற இடங்களில் அவர் இப்படி எதையாவது ஆராய்வது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. தெருக் குழாயில் நேரத்துக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டால்கூட, ‘இது மேலிடத்துக்குத் தெரியுமா?’ என்று கவலைப்படுகிற மனுஷர்.

விஷயம் மிகச் சாதாரணமானது. ஒரு குடும்ப ஸ்திரீ, தனக்குப் பரிசாக வந்த ஒரு சாமானை, வாடகை லாரியில் ஏற்றி, மெட்ராஸ் பரங்கிமலை மவுண்டிலிருந்து காஞ்சிபுரத்தில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அம்மிக்கல்லாக இருந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பரிசு கொடுத்தவள் லில்லி. கான்வென்ட்டில் கமலவேணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் புருஷன் ஆசை ஆசையாகக் கடல் கடந்து வரவழைத்த சாமான் அது. வாங்குகிறவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே பூட்டிக்கொள்ளலாம், ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து ஓட்டலாம். பெட்டியைப் பிரித்து அடுக்கியதோடு மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். லில்லி பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் முன் கடிதம் எழுதிச் சிநேகிதியைக் கூப்பிட்டனுப்பினாள். “பியானோவை வித்தாச்சு. நாயை ஃபாதருக்குக் கொடுத்தாச்சு. ஏரோப்ளேன் உனக்குத்தான் கமலா. வேற யாருக்குக் கொடுத்தாலும் கோழிக்கூடு கட்டிடுவாங்க.”

லில்லிக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஏரோப்ளேன் எல்லாம் அந்தக் கான்வென்ட்டின் கூரையை உரசுகிற மாதிரிதான் போகும். ‘வளர்ந்ததும் என்ன ஆவாய்?’ என்று கட்டுரை எழுதச் சொன்ன சிஸ்டரிடம், ‘ஏரோப்ளேன் ஓட்டுவேன்’ என்று எழுதி நீட்டினாள் கமலவேணி. அடக்கமில்லாத பெண் என்று அவளை வெயிலில் நிற்க வைத்தார் சிஸ்டர். வெளியே நின்றால் ஏரோப்ளேன் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது அந்தப் புண்ணியவதிக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அண்ணாந்த கழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு அடுப்புக்கும் அம்மிக்கும் குனிந்ததுதான். லில்லியின் கடிதம் வந்தபோதுதான் அது மறுபடி நிமிர்ந்தது. ஒரே ஒரு முறை, தானே ஓட்டி, தென்னை மரங்களுக்கு மேலே போய், தன் வீட்டு ஓட்டையும் தன் அடுப்படிப் புகையையும் மேலேயிருந்து பார்த்துவிட்டு இறங்கினால் போதும். வேறு நகை நட்டு எதுவும் அவள் கேட்கவில்லை.

லில்லி எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். “பூட்டுறது கஷ்டமில்லை, படம் போட்டிருக்கு. ஓட்டக் கத்துக்கலாம். ஆனா ஸ்டார்ட் பண்றது மட்டும் தனியா முடியாது. நீ உள்ளே உட்காரணும். வெளியே ஒருத்தர் நின்னு, மூக்குல இருக்குற அந்த மரக் காத்தாடியைக் கையால ஒரே ஒரு சுத்து சுத்தி விடணும். அதுக்கு ஒரு ஆள் வேணும் கமலா.”

விடியற்காலையில் லாரி கிளம்பியதும் கமலவேணி முதலில் கேட்டது அதைத்தான்.

“ஏங்க, நீங்க சுத்தி விடுவீங்கதானே?”

“முதல்ல வீடு போய்ச் சேருவோம்,” என்றார் சபாபதி.

“அது பதில் இல்லையே.”

“அதுதாம்மா பதில்,” என்றான் டிரைவர் முனிரத்தினம். வழக்கமாகச் செங்கல்லும் வைக்கோலும் ஏற்றுகிற ஆள். ஏரோப்ளேன் என்றதும் இரண்டு பங்கு வாடகை சொல்லி, ‘ஆகாயத்துல போறதைத் தரையில இழுத்துக்கினு போறது இன்னா சாதாரண வேலையாம்மா?’ என்று நியாயமும் சொன்னவன். இறக்கைகள் லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் நுனியில் சிவப்புத் துணி கட்டியாக வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்க, கமலவேணி தன் சிவப்பு ரவிக்கை ஒன்றைத் தியாகம் செய்திருந்தாள். வழியெல்லாம் அது ஏதோ கட்சிக் கொடி என்று நினைத்து இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

இப்படி நல்லபடியாக வந்த லாரிதான் வாலாஜாபாத்துக்கு இப்பால் இந்தச் சாவடியில் நின்றது.

பரசுராமன் ஒரு தடித்த அட்டவணையை விரித்தார். சாலையில் போகக்கூடிய சாமான்கள் அத்தனையும் அதில் அச்சாகியிருப்பதாகவும், அதில் இல்லாத சாமான் சாலையில் இருக்க முடியாது என்றும் அவர் தெரிவித்தார்.

“ஏலக்காய் இருக்குது. ஏணி இருக்குது. ஏரோப்ளேன் இல்லையே.” அவர் கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனுஷர் இல்லை. “ஏணின்னு போட்டுக்கலாமா? அதுவும் மேல போறதுக்குத்தானே?”

“நான்சென்ஸ்!” என்றாள் கமலவேணி.

இங்கிலீஷ் காதில் விழுந்ததும் பரசுராமன் சட்டென்று எழுந்து நின்றார். பேசியது ஒரு பெண்பிள்ளை என்று கண்ணில் பட்டதும் அதே வேகத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“அப்போ ஒண்ணொண்ணாப் பார்ப்போம். மரம் இருக்குது; மரம்னா காட்டிலாகா. மோட்டார் இருக்குது, அது விவசாயமா தொழிலான்னு தெரியணும். துணி சீமைத் துணி; அதுக்கு வேற ஆபீஸ். இதெல்லாம் சேர்ந்தா ஏரோப்ளேன். ஏரோப்ளேன் என் அதிகாரத்துல வராது. என் அதிகாரத்துல வராததை நான் விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாதும்மா.”

“அப்போ நாங்க என்ன பண்றது?”

“நிக்கலாம். நிக்கிறதுக்குத் தடை கிடையாது.”

நின்றார்கள். இதற்குள் சாவடிக் கான்ஸ்டபிள் வார்னிஷ் டப்பாவைக் கண்டுபிடித்திருந்தார். இறக்கைத் துணியை விறைப்பாக்கப் பூசுகிற வார்னிஷ் அது. மூடியைத் திறந்ததும் சாராயம் போல ஒரு வாசனை குப்பென்று வந்தது. மதுவிலக்கு நாட்டில் அப்படி ஒரு வாசனை வந்தால் அதிகாரிகள் சும்மா இருக்க முடியாது. கான்ஸ்டபிள் கடமை உணர்ச்சியோடு முகர்ந்தார். சந்தேகம் தீரவில்லை. மறுபடி முகர்ந்தார். பிறகு பரசுராமன் முகர்ந்தார். பிறகு, மேற்கொண்டு பரிசோதனை தேவைப்படுவதாகத் தீர்மானித்து, டப்பா உள்ளறைக்குக் கொண்டுபோகப்பட்டது. அது திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் அந்தச் சாவடி விடுமுறையில் இருந்ததாகக் கேள்வி.

வெயில் ஏறியது. முனிரத்தினம் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தான். சபாபதி முன்சக்கரத்தையும் ஆராய்ந்து முடித்தார். கமலவேணிக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம். அதையும் மாமியார் வீட்டில் செலவழித்துவிட்டாள். அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

“ஏன் சார், காஞ்சிபுரம் போற லாரியில நீட்டமா மரம் இருக்குது, குறுக்குச் சட்டம் இருக்குது, துணியும் இருக்குது. இதைப் பார்த்தா உங்களுக்கு ஏரோப்ளேன்னா தோணுது? தறி சார், தறி! சக்கரம் வெச்ச தறி! எங்க ஊர்ல நாங்க ராத்திரியில தறியில நெய்வோம், காலையில அதுலயே ஏறிக் கடைக்குப் போவோம். எழுதிக்குங்க!”

பரசுராமனின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரவில்லை.

“தறியா? இதை முதல்லியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? கைத்தறிச் சாமானுக்கு வரியே கிடையாதே!”

அவர் எழுதினார். முத்திரை விழுந்தது. கேலிக்குச் சொன்னேன் என்று கமலவேணி வாயைத் திறப்பதற்குள், கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாகச் சபாபதி அவளை முந்திக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க!” என்று கும்பிட்டு, அவளை லாரிக்குள் தள்ளினார்.

“தமாஷுக்குக்கூட ரப்பர் ஸ்டாம்பு குத்துறாங்க சார்,” என்றான் முனிரத்தினம் கியரைப் போட்டபடி.

கமலவேணி சிரித்தாள். ஊர் எல்லை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். முட்டாள் உத்தியோகஸ்தனைத் தன் நாக்கால் ஜெயித்துவிட்டதாக அவளுக்கு எண்ணம்.

அவர்கள் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, உலர்த்திச் சீர்செய்கிற வேலை. அது முடிகிற வரைக்கும் கல்யாண ஊர்வலமானாலும் கலெக்டர் ஜீப்பானாலும் தெருமுனையில் நிற்க வேண்டியதுதான். லாரியும் நின்றது. இறக்கை நீட்டிய லாரி நின்றால் கூட்டம் சேராமல் இருக்குமா?

முதலில் வந்தவள் எதிர்வீட்டுத் தில்லையம்மாள்.

“இன்னாம்மா கமலவேணி, லாரி நிறைய?”

“ஏரோப்ளேன், அக்கா.”

“சும்மா சொல்லும்மா. கட்டிலா, பீரோவா?”

“ஏரோப்ளேன்தான். நான் ஓட்டப் போறேன்.”

“சொல்ல இஷ்டமில்லைன்னா விடு. நானும் என் வீட்டுல மிக்சி வந்தா உனக்குச் சொல்லப் போறதில்லை.”

கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சர்க்கஸ் சாமான் என்றார் ஒருவர். சினிமாக் கொட்டகைக்கு வந்தது என்றார் இன்னொருவர். தொல்லை தாங்காமல் முனிரத்தினம் சாவடிச் சீட்டை உயர்த்திக் காட்டினான்.

“அட இன்னாத்துக்குப்பா சண்டை? தறின்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குது பாருங்க!”

“தறியா? அப்போ சாக்குல இருக்குறது இன்னா?”

“அதுவா, மோட்டாரு.”

பாவுக்குக் கஞ்சி தடவுகிற தூரிகை அப்படியே நின்றது. தெருவில் அசைந்துகொண்டிருந்தது பாவு மட்டும்தான். பிறகு யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள்.

“விசைத்தறி!”

கையால் நெய்து பிழைக்கிற தெருவில் அந்த வார்த்தையைச் சொல்வதைவிட, பெரியம்மை என்று சொல்லியிருக்கலாம். பெண்கள் வாசற்படியை விட்டு இறங்கினார்கள். சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, லாரியின் படியில் ஏறி நின்றார். எந்த விஷயமானாலும் ஏறி நின்றுதான் அவருக்குப் பேச வரும்.

“பெருங்குடி மக்களே! நம்ம வயித்துல அடிக்கிறதுக்கு, நம்ம தெருவுலயே, அதுவும் நம்ம சங்கக் குமாஸ்தா வீட்டுக்கே மோட்டார்த் தறி வந்திருக்குது! பாவுக்கு அந்தப் பக்கம் இந்த லாரி போறதா இருந்தா, என் பொணத்து மேலதான் போகும்!”

“பாவு மேலயும் போகக் கூடாது,” என்று நினைவூட்டினார் பாவுக்குச் சொந்தக்காரர்.

“தலைவரே,” என்றாள் கமலவேணி, “இது தறி இல்லை.”

“சீட்டுல போட்டிருக்குதே!”

“சீட்டுல போட்டது தப்பு.”

“கவர்மெண்ட் சீட்டுல தப்பா?” தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. போன வாரம் சாய வரியைப் பற்றி இதே கூட்டம் கவர்மெண்ட் சீட்டைத் தெருவில் வைத்துக் கொளுத்தியது. இருந்தாலும் அது வேறு சீட்டு.

தறிகளைக் கணக்கெடுத்து மேற்பார்வை பார்க்கிற இன்ஸ்பெக்டர் கண்ணாயிரத்துக்கு ஆள் போயிற்று. அவர் சைக்கிளில் வந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சைக்கிளைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பிறகு லாரியைச் சுற்றி வந்தார். அவருக்கும் தெருவுக்கும் ஜென்மப் பகை. அன்றைக்கு மட்டும் எல்லோரும் அவருக்கு வழிவிட்டார்கள்.

“நீட்டக்கட்டை சரியா இருக்குது. குறுக்குச் சட்டம் சரி. இவ்வளவு லேசான மரத்துல தறி நான் பார்த்ததில்லை. ஃபாரின் மாடல் போல இருக்குது.” அவர் இறக்கையைத் தட்டிப் பார்த்தார். “குற்றம் தறியில இல்லை. மோட்டாருலதான். மோட்டாரும் காத்தாடியும் இருந்தா விசைத்தறி. அதுக்கு இந்தத் தெருவுல அனுமதி கிடையாது. எடுத்துட்டா கைத்தறி, அதுக்குத் தடையில்லை.”

“மோட்டார் இல்லாம இது எப்படி சார் ஓடும்?” என்று கத்தினாள் கமலவேணி.

“ஏம்மா, இந்த ஊர்ல எத்தனை தலைமுறையாத் தறி ஓடிக்கினு இருக்குது? மோட்டார் வெச்சா ஓடுது?”

கூட்டம் கை தட்டியது. கண்ணாயிரத்துக்கு அந்தத் தெருவில் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்; அவர் கண் கலங்கிவிட்டது.

கமலவேணி லாரியின் பின்பக்கம் ஏறி, பழம்புடவையில் சுற்றியிருந்த காத்தாடியை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“இது ஏரோப்ளேன்! நான் ஓட்டப் போற ஏரோப்ளேன்! என் சிநேகிதி எனக்குக் கொடுத்தது. யாரும் தொடக் கூடாது!”

பலமான சிரிப்பு எழுந்தது. தில்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “பாவம், வெயில்ல நின்னுது” என்றாள்.

கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அவருக்கு விதி இல்லை.

“அம்மா, ஏரோப்ளேன்னா சாவடியில நீங்க தறின்னு சொன்னது பொய். பொய்ன்னா லாரியோட திரும்பிப் போய் அங்கயே நிக்கணும். பொய் இல்லைன்னா மோட்டாரைக் கழட்டணும். எது சௌகரியம்னு வீட்டுக்காரர் சொல்லட்டும்.”

“சாமான் என்னோடது. என்னைக் கேளுங்க.”

“வீட்டுக்காரர் சொல்லட்டும்மா.”

எல்லோரும் சபாபதியைப் பார்த்தார்கள். சபாபதி தலைவரைப் பார்த்தார். சம்பளம் அவர் கையெழுத்தில் வருவது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். பெண்டாட்டி உட்கார்ந்திருந்த திசையை மட்டும் பார்க்கவில்லை.

“தறிதாங்க,” என்றார்.

கமலவேணியின் கை தானாக விலகியது. மோட்டாரும் காத்தாடியும் இறங்கி, மாட்டுவண்டி ஒன்றில் ஏறி, கண்ணாயிரத்தின் சைக்கிளுக்குப் பின்னால் ஊர்வலமாகப் போயின. பாவு வேலை முடிந்தது. லாரி தெருவுக்குள் நுழைந்தது. தலைவர் தம் பொணத்தைப் பற்றிச் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று மாலையே தறி பூட்டப்பட்டது. புதுத் தறி வந்தால் அந்தத் தெருவில் தனியாக விட மாட்டார்கள்; ஆளுக்கு ஒரு கை கொடுத்து, பூஜை போட்டு, சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுத்தான் போவார்கள். கூடத்துச் சுவரோடு சுவராக இரண்டு இறக்கைகளும் விரிந்தன. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வார்னிஷ் போய்விட்டதே என்று கமலவேணி முணுமுணுத்தது தில்லையம்மாள் காதில் விழுந்து, “துணி விறைக்கணும்னா சாதம் வடிச்ச கஞ்சி இருக்குதேம்மா!” என்று ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்து இறக்கை முழுக்கப் பூசிவிட்டாள். இறக்கை நன்றாகவே விறைத்தது. எலிகளுக்கும் பிடித்திருந்தது.

மறுநாள் கண்ணாயிரம் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“குழி எங்கே? குழி இல்லாத தறியை நான் எப்படிப் பதியறது?”

நெய்கிறவர்கள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கத் தறிக்கு அடியில் குழி வேண்டும். ஆகவே கூடத்தின் நடுவே குழி வெட்டினார்கள். ஏரோப்ளேனின் அடிப்பலகை அறுக்கப்பட்டது. ஓட்டுகிறவள் நாற்காலியில் உட்கார்ந்தால், அவள் இரண்டு கால்களும் பூமிக்குள் இருக்கும். அதன் பிறகு இறக்கையில் பெரிய எழுத்தில் எண் எழுதினார்கள். ஏரோப்ளேன் என்றால் இறக்கையில் எண் இருந்தாக வேண்டும் என்று லில்லியும் சொல்லியிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் சர்க்கார் ஏரோப்ளேனுக்குத் துரோகம் செய்யவில்லை.

தறி என்றால் புடவை வர வேண்டும். அந்தத் தறியில் ஒரு கைக்குட்டைகூட நெய்ய முடியாது என்பது தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் பதிந்த தறிக்குச் சர்க்கார் பட்டு நூலும் ஜரிகையும் வந்துவிட்டன. வந்த நூலைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு இல்லை. தலைவர் மாணிக்கவாசகம் அந்த நூலை நாலு வீட்டுப் பழைய தறிகளில் போட்டு நெய்து, ‘இறக்கைத் தறிப் பட்டு’ என்று சீட்டு ஒட்டினார்.

அப்புறம் நடந்ததற்குச் சர்க்கார் பொறுப்பில்லை. நாமேதான் பொறுப்பு. நைலெக்ஸ், டெரிலின் என்று பட்டை மறந்து திரிந்த சீமாட்டிகள் எல்லாம் மெட்ராஸிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். “கட்டினா கட்டின மாதிரியே இல்லை, அப்படியே மிதக்குது!” என்றாள் ஒருத்தி. அது போன மாசம் அவளே ‘கனமா இருக்குது’ என்று திருப்பிக் கொடுத்த ரகம். ஃபாரின் தறி என்றதும் எடை குறைந்துவிட்டது. சோதனைச் சாவடிப் பரசுராமனின் சம்சாரமும் ஒன்று வாங்கிப்போனாள். வெளியூர் அதிகாரிகள் கூட்டமாக வந்து, இறக்கையைத் தொட்டுப் பார்த்து, இது போல் இருநூறு தறி நிறுவப்பட வேண்டும் என்று குறிப்பெழுதினார்கள். புதிய தறியைக் கண்டுபிடித்ததற்காகச் சபாபதிக்குச் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் கமலவேணி நாற்காலியில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு, கையில் குறுக்கிழை ஓட்டுகிற நாடாக்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். யாரோ சிரிக்கச் சொன்னார்கள்; சிரிக்கிறாள்.

மோட்டாரைத் திருப்பிக் கேட்டு அவள் எழுதிய மனு ஒவ்வொன்றும் கான்வென்ட் கையெழுத்தில் முத்து முத்தாக இருக்கும். ஆபீஸில் எல்லோரும் கையெழுத்தைப் பாராட்டினார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், சால்வைக்காரப் புருஷனையும் இழுத்துக்கொண்டு அவளே நேரில் போனாள். ஆபீஸ் அடுப்பாகக் கொதித்தது. பெஞ்சு நிறையப் பெண்கள் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரியைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லோரும் இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இறக்கைத் தறிப் பட்டு. கமலவேணி கட்டியிருந்ததும் அதுதான். சங்கத்து ஊழியர் வீடுகளுக்குத் தவணை உண்டு, எதிர்வீட்டுத் தில்லையம்மாள் வாங்கிவிட்டாள், இவள் மட்டும் எப்படி வாங்காமல் இருப்பாள்?

கண்ணாயிரத்தின் தலைக்கு நேர்மேலே, கூரைக் கொக்கியில், அவளுடைய காத்தாடி தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா, தறி நல்லா ஓடுதா?”

“என் மோட்டார் எங்கே சார்?”

“தறிக்கு மோட்டார் எதுக்கும்மா? அதைப் பம்புசெட்டுன்னு பதிஞ்சு, தென்னேரிப் பக்கம் கட்சிக்காரர் ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. கிணறு இருக்குறவங்களுக்குத்தான் அது. உங்க வீட்டுல கிணறு இருக்குதா?”

“குழி இருக்குது.”

“அதுல தண்ணி வந்தா ஒரு மனு போடுங்க.”

“காத்தாடியையாவது கொடுங்க.”

“அது ஆபீஸ் ஃபேன் ஆயிடுச்சேம்மா. கரண்ட் குடுக்கச் சொல்லி மேல எழுதியிருக்குது. உத்தரவு வரணும்.”

இவ்வளவு பேசியதே அதிகம் என்று கண்ணாயிரத்தின் கண் சொருகியது. சபாபதி பெஞ்சின் காலை ஆராயத் தொடங்கினார். பெண்கள் மனுக்காகிதத்தால் விசிறிக்கொண்டே, அசையாத அந்த மரக் காத்தாடியை அண்ணாந்து பார்த்தபடி, உத்தரவு வரக் காத்திருந்தார்கள். மிதக்கிற பட்டு எல்லோர் முதுகிலும் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கமலவேணியும் அண்ணாந்து பார்த்தாள். சிஸ்டர் வெயிலில் நிறுத்தியபோது பார்த்த அதே பார்வை. பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டாள்:

“யாராவது எழுந்து, அதைக் கையால ஒரே ஒரு சுத்து சுத்தி விடுங்களேன்.”